ஷார்ட்ஹார்ன் காளையை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா?

நிறம் கடைசியில்தான். சென்னையில் சினை ஊசி என்றால் ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) மாடுகளின் பேச்சுதான், வடகிழக்கு இங்கிலாந்து மாடான ஷார்ட்ஹார்ன் நம் கண்ணில் படாது. அதற்கு 1822லேயே வம்சாவளிப் புத்தகம் போட்டுவிட்டார்கள். சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் கன்று ரோன் நிறம்: கேழ்வரகு மாவில் அரிசி மாவைத் தூவிய மாதிரி. அழகுதான், ஆனால் ரோனோடு ரோன் சேர்த்தால் சராசரியாகப் பாதிக் கன்றுகள்தான் ரோன்.

சரி, காளையை நடக்கவிட்டுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்திலேயே விழ வேண்டும். அப்புறம் விதைப்பை. 15 மாதத்தில் சுற்றளவு 30 செ.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம். டி.எச். (டிபியல் ஹெமிமீலியா) என்ற பிறவிக் குறைக்கான மரபணுச் சோதனையும் கேளுங்கள். அந்தக் குறையைச் சுமக்கும் காளையும் பசுவும் சேர்ந்தால், கால் எலும்பு வளராத கன்று பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அது பிழைக்காது.