ஜெராக்ஸ் கடையில் செருகிய பென் டிரைவில் எல்லாம் ஷார்ட்கட்டாகிவிட்டது. ஃபைல்கள் அழிந்துவிட்டனவா?

பெரும்பாலும் அழிந்திருக்காது. இந்த வகை வைரஸ் உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். ஐகானின் மூலையில் குட்டி அம்புக்குறி தெரிகிறதா? அதுதான் அடையாளம். டபுள் கிளிக் செய்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் வைரஸும் ஓடும். அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை. தொடாதீர்கள்.

முதலில் விண்டோஸ் டிஃபெண்டரில் டிரைவை ஸ்கேன் செய்யுங்கள் (விண்டோஸ் 10, 11-இல் கூடவே வரும் வைரஸ் தடுப்பு மென்பொருள், வீட்டுக்கு அதுவே போதும் என்பேன்). அப்புறம் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கையும் எடுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் "எதுவும் இல்லை" என்கிறார்கள். சில சமயம் பெயரே இல்லாத ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும். உங்கள் ஆவணங்கள், படங்களை மட்டும் நகலெடுத்துவிட்டு டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். கணினியையும் ஒருமுறை முழு ஸ்கேன் போடுங்கள்.