கட்டுரையில் என் பெயர் இல்லை!

கேள்வி: முனைவர் பட்டத்துக்காக நான் எடுத்த அளவீடுகளை வைத்து என் வழிகாட்டி கட்டுரை வெளியிட்டுவிட்டார். என் பெயரே இல்லை. வழக்குப் போடலாமா?
– ஓர் ஆய்வு மாணவி

பதில்: கோபம் நியாயம்தானம்மா. ஆனால் பதிப்புரிமை வழக்கு எளிதில் நிற்காது. அந்தச் சட்டம் நீங்கள் எழுதிய வாக்கியங்களைக் காக்கும்; கருத்தையோ வெறும் அளவீட்டையோ காக்காது. உங்கள் வரைவிலிருந்து பத்திகளை அப்படியே எடுத்திருந்தால் கதை வேறு.

முதலில் தேதியிட்ட ஆய்வகக் குறிப்பேடு, மின்னஞ்சல்கள், பழைய வரைவுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் வழிகாட்டியிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கும் இதழாசிரியருக்கும் எழுதலாம். இதழ் பெரும்பாலும் தானே தீர்ப்புச் சொல்லாது. நிறுவனம் விசாரிக்கட்டும் என்றுதான் சொல்லும்.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நெறிப்படி, ஆசிரியராகப் பெயர் இடம்பெறத் தரவு திரட்டியது மட்டும் போதாது. கட்டுரையை எழுதுவதிலும் இறுதி ஒப்புதலிலும் பங்கு வேண்டும். இதைக் காட்டி உங்களை மடக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள். எழுதும் வாய்ப்பையே தராமல் ஒருவரை விலக்க இந்த நெறியைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அதே குழு சொல்கிறது.

விசாரணை முடியும்வரை இணையத்தில் அவர் பெயரைப் போட்டு எழுதாதீர்கள். அவதூறு வழக்கு உங்கள் மீதே திரும்பலாம்.