எடை குறைப்பு அறுவை சிகிச்சை: எஃப்.டி.யை உடைக்கலாமா, கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் தனியார் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் 34,000 ரூபாய். கணவர் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். என் உயரம் 165 செ.மீ., எடை 104 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்சுலின் போட்டும் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ1சி) 9-க்குக் கீழே வரவில்லை. இரைப்பையைச் சிறிதாக்கும் 'ஸ்லீவ்' ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். மருத்துவமனையில் பேக்கேஜ் 4.5 லட்சம் என்றார்கள், இ.எம்.ஐ. வசதியும் உண்டாம். எங்கள் 5 லட்ச ரூபாய் குடும்ப பாலிசி மூன்று வருடம் தாண்டிவிட்டது. சர்க்கரை இருப்பதைச் சொல்லித்தான் எடுத்தோம். எஃப்.டி. 3 லட்சம், நகை 12 பவுன் இருக்கிறது. 'உடம்பு இளைக்கிற ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் தர மாட்டார்கள்' என்கிறார் ஏஜென்ட். 'அழகுக்காக இவ்வளவு செலவா' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எஃப்.டி.யை உடைக்கலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இ.எம்.ஐ. படிவத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். முதலில் உங்கள் பாலிசியிடம் கேட்க வேண்டியதைக் கேட்போம்.

ஏஜென்ட் சொல்வது பழைய கதை. உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையை எந்த நிலையில் காப்பீட்டு நிறுவனம் விலக்கலாம் என்பதற்கு, ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான வாசகத்தை வகுத்திருக்கிறது. பாலிசி புத்தகத்தில் விலக்குகள் பகுதியைத் திறந்தால் அது இருக்கும். விலக்கில் சிக்காமல் பணம் கிடைக்க, டாக்டரின் பரிந்துரை, மருத்துவ நெறிமுறைப்படி சிகிச்சை, 18 வயது நிறைவு ஆகியவற்றோடு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40 இல்லையென்றால் 35-ஆவது இருந்து, மற்ற வழிகளில் எடை குறையாமல், கூடவே இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல், கட்டுக்குள் வராத இரண்டாம் வகை சர்க்கரை நோய் போன்ற ஒன்று இருக்க வேண்டும்.

உங்கள் பி.எம்.ஐ. சுமார் 38. ஆசியர்களுக்கு 37.5 அல்லது சர்க்கரை போன்ற நோயோடு 32.5 என்ற அளவை வைத்தே நம் ஊர் டாக்டர்கள் பலர் முடிவெடுக்கிறார்கள். பாலிசியின் கணக்கு அதைவிடக் கறார். இந்த இடைவெளியில்தான் பலருடைய கிளெய்ம் விழுகிறது. 'தகுதி இருக்கிறது' என்று டாக்டர் சொன்னதும் பணம் வரும் என்று நம்பிவிடுகிறார்கள். நீங்கள் 40-ஐத் தொடவில்லை. ஆகவே இரண்டாவது கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், அதற்குச் சாவி உங்கள் சர்க்கரை.

அதனால் காகிதங்கள்தான் இங்கே பணம். கடந்த இரண்டு மூன்று வருட ரத்தப் பரிசோதனை முடிவுகள், இன்சுலின் அளவு கூடிக்கொண்டே போன மருந்துச் சீட்டுகள், டயட்டீஷியனிடம் போன ரசீதுகள், எடை எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் முயன்று பலன் இல்லை, இன்சுலின் போட்டும் சர்க்கரை கட்டுப்படவில்லை, எனவே இந்தச் சிகிச்சை தேவை என்று அறுவை நிபுணரும் சர்க்கரை டாக்டரும் தனித்தனியே எழுதித் தரட்டும். 'உடல் பருமன், ஸ்லீவ் ஆலோசனை' என்று இரண்டு சொல்லில் முடிந்த கடிதம் போதாது.

அப்புறம் காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகு கிளெய்ம் கேட்க முடியாத காலம். ஏற்கெனவே இருந்த நோய்க்கான காத்திருப்பு 3 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்பது 2024-ல் வந்த விதி. முதலில் எடுத்த பத்திரத்தில் 48 மாதம் என்றிருந்தால் பதறாதீர்கள், கடைசியாகப் புதுப்பித்த பத்திரத்தைப் பாருங்கள். பருமன் அறுவை சிகிச்சைக்குத் தனிக் காத்திருப்போ, 'இவ்வளவுதான் தருவோம்' என்ற உச்சவரம்போ இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பாலிசிகளில் உண்டு. இதற்காக இப்போது புதிதாக டாப்-அப் (இருக்கும் பாலிசிக்கு மேல் எடுக்கும் கூடுதல் பாலிசி) எடுப்பதில் பயனில்லை, அதன் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

அறை வாடகையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் பாலிசி ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் என்று வரம்பு வைத்திருந்து, நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கினால், கையை விட்டுப் போவது தினம் 3,000 மட்டும் இல்லை. டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை 2 லட்சம் என்றால் 1.25 லட்சம்தான் வரும், 75,000 உங்கள் தலையில். மூன்று நாள் தங்கப்போகும் அறைக்கு இந்த விலை வேண்டாம்.

பேக்கேஜில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளருக்கும் அதன் கார்ட்ரிட்ஜ்களுக்கும் தனி பில் போடும் இடங்கள் உண்டு. எத்தனை கார்ட்ரிட்ஜ் வரை இதில் சேரும் என்று நேரடியாகவே கேளுங்கள். இது அவசர ஆபரேஷன் இல்லை என்பதால், தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கேஷ்லெஸ் (நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் முறை) முன் அனுமதிக்கு அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இனி, எஃப்.டி.யை ஏன் தொடாதீர்கள் என்றேன் என்று சொல்கிறேன். உங்களுக்குப் பணம் தேவைப்படப்போவது வீட்டுக்கு வந்த பிறகு. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம், பிறகு சுமார் இரண்டு வாரம் மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பவுடர் கலந்த பானம், அதற்குப் பின் மசித்த உணவு. குழைந்த சோற்றுக்கு வரவே பல வாரம் ஆகும். தண்ணீரைக்கூட மடமடவென்று குடிக்க முடியாது, நாள் முழுக்க ஒவ்வொரு வாயாகக் குடிக்க வேண்டும். தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், அந்த அளவுச் சாப்பாடு உள்ளே போகாத நாட்களில் பவுடர்தான் கைகொடுக்கும். மல்டிவைட்டமின், கால்சியம், பி12, இரும்பு என்று டாக்டர் எழுதும் மாத்திரைகள் வாழ்நாள் செலவு.

இந்தச் சத்துப் பொருட்களைக் காப்பீடு பொதுவாக விலக்கும். ஆனால் மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த விலக்கு பொருந்தாது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே பெயர், அளவு, எத்தனை நாள் என்று எழுதச் சொல்லுங்கள். பில்லோடு சேர்த்து, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவாக, பாலிசி தரும் 60 அல்லது 90 நாளுக்குள் கேட்டு வாங்கலாம்.

ஆபரேஷன் முடிந்த சில நாட்களிலேயே சர்க்கரை வேகமாக இறங்கும். பழைய அளவில் இன்சுலின் போட்டால் ஆபத்து. முதல் மாதம் டாக்டரைப் பார்க்கும் செலவு கூடும், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். காய்ச்சல், படபடப்பு, வயிற்றிலோ தோளிலோ புதிதாகக் கடும் வலி என்றால், எவ்வளவு ஆகும் என்று யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தையல் கசிவு அரிது, ஆனால் வந்தால் மறுபடி சேர வேண்டியிருக்கும், அப்போது 5 லட்சத்தில் மீதி அதிகம் இருக்காது. தீர்ந்த தொகையை மீண்டும் நிரப்பும் வசதி உங்கள் பாலிசியில் இருந்தாலும் அதே நோய்க்குப் பொருந்துமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இத்தனைக்கும் சேர்த்து எஃப்.டி.யில் 1 லட்சத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள், ஆபரேஷன் பில்லுக்கு அது இருப்பதாகவே நினைக்காதீர்கள். காப்பீடு போக பில்லுக்கு இன்னும் பணம் குறைந்தால், மீதி எஃப்.டி.யின் மேல் வங்கியில் கடன் வாங்குங்கள். எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும், பணம் வந்ததும் அடைத்துவிடலாம். அதற்கும் மேல் தேவை என்றால்தான் வங்கியில் நகைக்கடன். மருத்துவமனை இ.எம்.ஐ.யும் பர்சனல் லோனும் கடைசி.

வேலைக்கு வருவோம். மேஜை வேலைக்கு இரண்டு மூன்று வாரத்தில் திரும்பலாம், கனமானதைத் தூக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நீங்கள் நாள் முழுக்க நின்று, பேசி, நடுவில் தண்ணீர் குடிக்க நேரமில்லாமல் வேலை பார்ப்பவர். டாக்டர் தள்ளிப்போட ஒத்துக்கொண்டால் ஏப்ரல் கடைசியில் செய்துகொள்ளுங்கள். கோடை விடுமுறையில் சம்பளம் பிடிக்காமல் உடம்பு தேறும்.

சொந்தக்காரர்களிடம் உங்கள் மூன்று மாத சராசரியைக் காட்டுங்கள். ஆறு வருடமாக அடங்காத சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும் என்பது அவர்களுக்கும் தெரியும். எடை குறைந்தபின் தொங்கும் தோலை அகற்றுவது மட்டும் அழகு சிகிச்சைக் கணக்கில் வரும், அதற்குக் காப்பீடு கிடைக்காது. அதை இரண்டு வருடம் கழித்து, கையில் பணம் இருந்தால் யோசிக்கலாம்.

வேறு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருந்தால், இந்த ஆபரேஷன் பற்றி சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் விசாரித்து, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையோடு போங்கள்.