ஐந்து பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட் சரியா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் பொறுப்பில் இருக்கிறேன். மூன்று டிவிஷன், ஃபேக்டரி எல்லாம் சேர்த்து 240 பேர். வருகைப்பதிவு, சம்பளம், பி.எஃப். ஆகியவற்றுக்கு மனிதவள மென்பொருள் வாங்கியிருக்கிறோம். ஆபீசில் ஐந்து பேரும் ‘அட்மின்’ என்ற ஒரே லாகினில்தான் வேலை செய்கிறோம். யாருக்கு எதைத் திறந்துவிட வேண்டும்? தனித்தனி லாகின் என்றாலே, “எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று பழைய ஆட்கள் வருத்தப்படுகிறார்கள். ஓடிபி வைக்கலாம் என்றால் டவர் ஒழுங்காகக் கிடைப்பதில்லை.

பதில்: அந்த வருத்தத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைத் தீர்க்காமல் மற்ற எதுவும் நடக்காது.

சில வருடங்களுக்கு முன் குன்னூர் பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு இதே வேலையாகப் போயிருந்தேன். சரோஜா என்ற தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளம் வேறு யாருடைய கணக்கிலோ போய் விழுந்திருந்தது. மென்பொருளில் மாற்றப் பதிவைத் திறந்து பார்த்தோம். வங்கிக் கணக்கு எண் மாறிய தேதி இருந்தது. நேரமும் இருந்தது, மாலை 5.40. மாற்றியவர் யார் என்ற கட்டத்தில் ‘அட்மின்’ என்று மட்டும் இருந்தது. அந்தப் பாஸ்வேர்ட் நாலு பேருக்குத் தெரியும். நாலு பேரும் இரண்டு வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். கடைசியில் விஷயம் சின்னது. அங்கே இரண்டு சரோஜா இருந்தார்கள். ஒருவர் கொண்டுவந்த பாஸ்புக்கை இன்னொருவர் பெயரில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் அது தெரிவதற்குள், சம்பளம் பார்த்துக்கொண்டிருந்த பெண் மனம் நொந்து வேலையை விட்டுப் போய்விட்டார். அவரவருக்குத் தனி லாகின் இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். இதை உங்கள் ஆட்களிடம் அப்படியே சொல்லுங்கள். பதிவில் தன் பெயர் தனியாக இருந்தால்தான், தான் செய்யாததற்குப் பழி வராது.

சரி, யாருக்கு எது? ஆளை வைத்து யோசிக்காமல் வேலையை வைத்து யோசியுங்கள். டிவிஷன் கண்டக்டருக்கு, அதாவது தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவருக்கு, தன் டிவிஷன் ஆட்களின் வருகையையும் கொழுந்து எடையையும் பதிய வேண்டும். அடுத்த டிவிஷன் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை, சம்பளமும் வங்கி எண்ணும் தெரிய வேண்டியதில்லை. லீவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வரமாட்டார் என்பது மட்டும் அவர் திரையில் வந்தால் போதும். கருச்சிதைவா, காசநோயா என்பது தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகள் வரை போகும் செய்தியாகிவிடக் கூடாது. நல்ல மென்பொருள்களில் காரணக் கட்டத்தை மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

சம்பளம் போடுபவர் எல்லா டிவிஷனையும் பார்க்கலாம், கணக்கை ஓட்டலாம். ஆனால் புது ஆளைச் சேர்ப்பதும் வங்கி எண்ணை மாற்றுவதும் அவர் கையில் இருக்கக் கூடாது. இல்லாத ஆள் பெயரில் சம்பளம் போகிற மோசடி, இந்த வேலைகளும் சம்பளம் போடுவதும் ஒரே கையில் இருக்கிற இடத்தில்தான் எளிதாக நடக்கிறது. ஒருவர் பதியட்டும், இன்னொருவர் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்புதல் கொடுக்கட்டும். அதுவரை பழைய எண்ணே இருக்கட்டும். நெஃப்ட் மூலம் அனுப்பும் பணம் கணக்கு எண்ணை வைத்துத்தான் வரவு வைக்கப்படுகிறது, பெயர் தப்பானால் வங்கி நிறுத்திவிடும் என்று நம்பி இருக்காதீர்கள்.

ஆதார் எண்ணின் கடைசி 4 இலக்கம் மட்டும் திரையில் தெரிந்தால் போதும். பி.எஃப். வேலை பார்ப்பவருக்கு மட்டும் முழு எண். எக்செல்லாக இறக்கும் உரிமையையும் ஒருவர் இருவரோடு நிறுத்துங்கள். மென்பொருளில் எவ்வளவு பூட்டு போட்டாலும், 240 பேரின் விவரம் ஒரு ஃபைலாகி வாட்ஸப்பில் போய்விட்டால் அப்புறம் எதுவும் செய்ய முடியாது.

முதலாளிக்கு? ரிப்போர்ட் பார்க்கும் உரிமை மட்டும். சொல்வதற்குச் சங்கடமாக இருக்கும், சொல்லிவிடுங்கள். ஊர் ஊராகப் போகிற ஒரு போனில் எல்லாம் திறந்திருப்பது அவருக்கும் நல்லதல்ல. மென்பொருள் கம்பெனிக்காரரின் லாகினையும் மூடியே வைத்திருங்கள். பழுது வரும்போது திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடலாம்.

வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்று மாலையே முடக்குங்கள். அழிக்க வேண்டாம். அழித்தால் சில மென்பொருள்களில் அவர் செய்த பழைய பதிவுகளில் பெயரே இல்லாமல் போய்விடும்.

ஓடிபி பிரச்சினைக்கு வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோத்தகிரியில் கரண்டும் டவரும் சேர்ந்து போவது எனக்கும் தெரியும். எஸ்.எம்.எஸ். ஓடிபியை விட்டுவிட்டு ஆத்தென்டிகேட்டர் செயலிக்கு மாறுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் இரண்டுமே இலவசமாகத் தருகின்றன. முதல் தடவை திரையில் வரும் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சாவியையும் போனின் கடிகாரத்தையும் வைத்து 30 விநாடிக்கு ஒரு 6 இலக்க எண்ணைப் போனே கணக்கிட்டுக் காட்டும். டவர் தேவையில்லை, சிம் கூடத் தேவையில்லை. கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணை ஏற்கவில்லை என்றால் முதலில் போனில் நேரத்தைப் பாருங்கள். போன் தொலைந்தால் உள்ளே போக, மென்பொருள் தரும் மாற்று எண்களை அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, ஆபீஸ் பெட்டகத்தில் வையுங்கள்.

பாஸ்வேர்டை மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள். மாற்றச் சொன்னால் காலண்டரில் எழுதி வைப்பார்கள். நினைவில் நிற்கும் நாலைந்து சொற்களைச் சேர்த்து நீளமாக வைத்தால் போதும். கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் உடனே மாற்றுங்கள்.

சட்டமும் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன்படி, போதிய பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் வெளியான விதிகள், யார் எப்போது எந்த விவரத்தைத் திறந்தார் என்ற பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. இந்தக் கடமைகள் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன. ஆனால் பதிவில் ‘அட்மின்’ என்ற ஒரே பெயர் இருந்தால் ஓராண்டு வைத்திருந்தும் பயனில்லை.

சம்பள வாரத்தில் இதை ஆரம்பிக்க வேண்டாம். சம்பளம் போட்டு முடித்த மறுவாரம் ஒரு டிவிஷனில் தொடங்குங்கள். ஒரு சம்பளம் முழுதாக ஓடி, எல்லோரும் தங்கள் லாகினில் பழகிய பிறகு, பழைய ‘அட்மின்’ பாஸ்வேர்டை மாற்றுங்கள். அவசரப்பட்டு அதை முதலில் மாற்றினால், 240 பேரின் சம்பளம் நிற்கும்.