பழைய லம்பம் (ஈயம் வெட்டிய குழி), சுரங்கங்களை வீடியோ எடுக்க 5,000 மலேசிய வெள்ளிக்குள் எந்த கேமரா வாங்கலாம்?

கேமராவைப் பிறகு பார்க்கலாம். முதலில் சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்குங்கள். நான் வாங்கியது 80 வெள்ளி. கேமரா நிபுணர்கள் சண்டைக்கு வர வேண்டாம், லென்ஸ், சென்சார் எல்லாம் எனக்கும் தெரியும். தெரியும் என்ற திமிரில்தான் கோட்டை விட்டேன்.

நீங்கள் கோலாலம்பூர்க்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் என்னைப் போல முதலில் பத்து ஆராங்குக்குத்தான் கிளம்புவீர்கள். ரவாங் பக்கம்தான். 1915 முதல் 1960 வரை அங்கே நிலக்கரி வெட்டினார்கள். மலாயா ரயிலும் பங்சார் மின்நிலையமும் அந்தக் கரியில் ஓடியவை. டீசலும் எண்ணெயும் வந்தபின் கரியை வாங்க ஆளில்லை, மூடிவிட்டார்கள். அப்போது என் மாமாவுக்கு 12 வயது. அவருடைய அப்பா திறந்தவெளிக் குழியில் கரி வெட்டியவர். மூடியதும் குடும்பத்தோடு கோலாலம்பூரில் செந்தூலுக்கு வந்துவிட்டார்கள்.

அந்த மாமாவைத்தான் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏர்கோன் காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்கப் பனி. துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. அரை மணி நேரம் சும்மா நின்றோம். (ஊர் வருவதற்கு முன்பே ஏர்கோனை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.) பனி போனதும் நான் செங்கல் புகைபோக்கியை எடுக்க ஆரம்பித்தேன். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, வெயில் மாறியதும் இன்னொரு தடவை. மாமா பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்து, ஒட்டிய சிவப்புத் தூளைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தார். "அப்பா குளிச்சிட்டு வந்தாலும் காது மடலுக்குப் பின்னால கரி இருக்கும். ஞாயித்துக்கிழமை அம்மா எண்ணெய் தேய்ச்சுத்தான் எடுப்பாங்க."

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் 40 நிமிடம் புகைபோக்கி. மாமா குரல் கேட்பது 11 வினாடி, மீதியெல்லாம் காற்றும் மோட்டார் சைக்கிளும்.

சுரங்கத்துக்குள் இறங்கி எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கைவிட்ட சுரங்கத்துக்குள் கால் வைக்காதீர்கள். கூரை இடிவது ஒரு பக்கம், காற்றில் பிராணவாயு குறைந்திருந்தால் மூக்குக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. பயந்தாங்கொள்ளி என்று யாராவது எழுதினால் எழுதட்டும். ஆசையாக இருந்தால் பகாங்கில் சுங்கை லெம்பிங் போங்கள். 1980களில் மூடிய ஈயச் சுரங்கத்தில் ஒரு பகுதியைச் சுற்றுப்பயணிகளுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே விளக்கைக் கேமரா மேலேயே மாட்டினால் தூசியும் ஈரமும் வெள்ளைப் புள்ளியாக மின்னும். கூட வருபவரிடம் கொடுத்துப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். பேராக்கில் தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பலும் (தண்ணீரில் மிதந்தபடி ஈயம் தோண்டிய இயந்திரம்) உண்டு. 1938-ல் கட்டியது, 4,500 டன் எடை. அதற்கு நீங்கள் கேட்கும் விலையில் கேமராவே தேவையில்லை, கைப்பேசி போதும்.

இன்னொன்று, 5,000 வெள்ளிக்கு வாங்கினால் சொந்தக்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். போன வருடம் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து, எல்லாம் ஓசியில் எடுத்துக் கொடுத்தேன். ஆல்பம் ஏன் லேட் என்று திட்டும் வாங்கினேன்.

சரி, மாமா கதைக்கு வருகிறேன். மைக் வாங்கிக்கொண்டு மறுவாரம் செந்தூலில் அவர் வீட்டுக்குப் போனேன். சட்டையில் மாட்டிவிட்டு, "அன்றைக்குக் காதுக்குப் பின்னால் கரி என்றீர்களே மாமா, அதைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றேன். மைக்கைக் குனிந்து பார்த்தார். "அதான் அன்னைக்கே சொன்னேனேப்பா" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.