வாசகர் கேள்வி – பதில்: கவாஸ்கரா, சச்சினா?

கேள்வி: மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சுக்கு எதிராக 13 சதங்கள் அடித்த கவாஸ்கரே பெரியவர் என்கிறார் என் தந்தை. 51 சதங்கள் அடித்த சச்சினுக்கு ஈடு இல்லை என்கிறேன் நான். டெஸ்ட் ஆட்டத்தில் யார் உயர்ந்தவர்?

பதில்: நீங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட சான்றுகள் இரண்டுமே வலுக் குறைந்தவை. சச்சினின் 51 சதங்கள் 329 இன்னிங்ஸிலும், கவாஸ்கரின் 34 சதங்கள் 214 இன்னிங்ஸிலும் வந்தவை என்பதால், சதம் அடித்த வேகத்தில் கவாஸ்கரே சற்று முந்தியிருக்கிறார். தந்தையார் சொல்லும் 13 சதங்களில் நான்கு, 1971 அறிமுகத் தொடரில் கவாஸ்கர் 774 ஓட்டங்கள் குவித்தபோது அடித்தவை; வேகப்பந்து வீச்சாளர்களான ஹாலும் கிரிஃபித்தும் விலகிவிட்ட அந்த அணியில் அடுத்த வேகப்படை இன்னும் உருவாகியிருக்கவில்லை. இன்னொரு நான்கு, முன்னணி வீரர்கள் ஆஸ்திரேலியத் தொழிலதிபர் கெர்ரி பாக்கர் தனியாக நடத்திய போட்டிகளுக்குச் சென்றுவிட்ட 1978-79 தொடரில் வந்தவை.

கவாஸ்கரின் உண்மையான பெருமை 1983இல் தெரிகிறது. மேற்கிந்தியத் தீவுகளின் மார்ஷலும் ஹோல்டிங்கும் முழு வேகத்தில் வீசிய அந்தத் தொடரில், தில்லியில் அவர் 94 பந்துகளில் சதம் அடித்தார்; சேப்பாக்கத்தில் நான்காமவராக இறங்க முடிவு செய்திருந்தும், ஓட்டமே எடுக்காமல் இரண்டு விக்கெட்டுகள் விழுந்துவிட்ட நிலையில் களமிறங்கி, ஆட்டமிழக்காமல் 236 ஓட்டங்கள் எடுத்தார்.

சச்சினை அவருக்கு மிக அருகில் வைத்துப் பார்க்க, பாகிஸ்தானுக்கு எதிரான இரண்டு நான்காவது இன்னிங்ஸ்கள் போதும். 1987இல் பெங்களூரில் பந்து கண்டபடி திரும்பிய ஆடுகளத்தில், 221 ஓட்டங்கள் என்ற இலக்கை நோக்கி, தம் கடைசி டெஸ்டில் கவாஸ்கர் 96 எடுத்தார். இந்தியா 16 ஓட்டங்களில் தோற்றது. 1999இல் சேப்பாக்கத்தில் 271 என்ற இலக்கைத் துரத்திய சச்சின், முதுகுவலியோடு சுழற்பந்து வீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கைச் சமாளித்து 136 எடுத்தார். வெற்றிக்கு 17 ஓட்டங்கள் மீதமிருக்க அவர் வெளியேறியபின் எஞ்சிய மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களுக்குள் சரிந்தன. பெங்களூர் ஆட்டத்தில் தற்காப்பின் துல்லியமும், சேப்பாக்கம் ஆட்டத்தில் துணிவின் வீச்சும் மேலோங்கி நிற்கின்றன. இந்த இரண்டில் ஒன்றைத் தாழ்த்திச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனாலும் தீர்ப்புச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், மயிரிழை அளவில் கவாஸ்கர் என்பேன். அவர் தொடக்க ஆட்டக்காரர். சச்சின் பெரும்பாலும் நான்காமவராக, புதுப்பந்தின் கூர்மையைப் பிறர் ஓரளவு மழுங்கடித்த பிறகு வந்தவர். தவிர, ஓர் ஓவருக்கு இத்தனை பவுன்சர்தான் (தலையளவுக்கு எழும்பி வரும் பந்து) என்ற வரம்பு 1991இல், கவாஸ்கர் ஓய்வு பெற்ற பிறகே வந்தது. தலைக்கவசம் பரவலாவதற்கு முன்பே அவர் பல ஆண்டுகள் ஆடிவிட்டார். ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் சேர்த்துச் சச்சின் அடித்த 11 சதங்களைக் காட்டி யாரேனும் மறுத்தால், அது மதிக்கத்தக்க வாதமே.

கேள்வி: ஒருநாள் ஆட்டத்திலும் இதே தீர்ப்புதானா?

பதில்: இல்லை. அங்கே கவாஸ்கருக்கு 108 ஆட்டங்களில் ஒரே ஒரு சதம். சச்சினுக்கு 463 ஆட்டங்களில் 49. 1994இல் ஆக்லாந்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 49 பந்துகளில் 82 ஓட்டங்கள் எடுத்த நாள் முதலே, இந்தியா ஒருநாள் ஆட்டத்தைத் தொடங்கும் முறையைச் சச்சின் மாற்றிவிட்டார்.