மழைக்கு முன்னே டிஓ ஆபீசுக்கு ஒரு கடிதம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ், சிகாமட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன். 2023 மார்ச் வெள்ளம் யார் மனதையும் விட்டு இன்னும் போகவில்லை.

வெள்ளம் வந்தால் போலீஸ், போம்பா (தீயணைப்பு மீட்புப் படை), ஏபிஎம் (பொதுத் தற்காப்புப் படை), மஜ்லிஸ் (ஊராட்சி மன்றம்) லாரி எல்லாம் வருகின்றன. யார் சொல்வதைக் கேட்பது?

மாவட்டத்தில் தலைமைப் பொறுப்பு மாவட்ட அதிகாரிக்கு, அதாவது நம் டிஓவுக்கு. மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழு அவர் தலைமையில்தான் கூடும். அதன் செயலக வேலையை ஏபிஎம் பார்க்கிறது. மீட்பு போம்பாவுடையது. நிவாரண மையம், சாப்பாடு, பெயர்ப் பதிவு ஆகியவை சமூகநலத் துறையுடையவை. ஆற்று மட்டத்தை வடிகால் நீர்ப்பாசனத் துறை கவனிக்கும், நீர் வடிந்த பின் குப்பையை ஊராட்சி மன்றம் அள்ளும். மாவட்டத்தால் முடியாதபோது மாநிலமும், அதற்கும் மேலே போனால் மத்திய அரசும் கைகொடுக்கும். மத்திய அளவில் 2015 முதல் இதற்கென்றே நாட்மா என்னும் தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் இருக்கிறது.

இந்த மூன்று படிகளும் 1997இல் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் உத்தரவாக வந்தவை. 1993 டிசம்பர் 11இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 48 பேர் இறந்த துயரம் இதற்குப் பின்னால் இருக்கிறது. சரி, உங்கள் வாசலில் நின்று ஒருவர் "கிளம்புங்கள்" என்றால், அவர் எந்தச் சீருடையில் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) முப்பது குடும்பங்கள். தண்ணீர் ஏறினால் நிர்வாகம் "பார்க்கலாம்" என்கிறது. தனியார் நிலம் என்பதால் அரசு வராதா?

வரும். அவசர எண் 999க்குக் கூப்பிட மேனேஜரின் அனுமதி தேவையில்லை. சிக்கல் மீட்பில் இல்லை, அதற்கு முந்தைய திட்டத்தில் இருக்கிறது. கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, ஒரு தலைவர் இருக்கிறார், அவர் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்வருகிறார், அதனால் அவர் ஊர்க் கணக்கு அங்கே இருக்கும். தோட்டத்துக்குள் முப்பது குடும்பங்கள் இருப்பதை யாராவது போய்ச் சொன்னால்தானே அங்கே தெரியும்?

எனவே, நவம்பரில் பருவமழை தொடங்கும் முன்பே டிஓவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஏபிஎம்முக்கும் சமூகநலத் துறைக்கும் நகல் அனுப்புங்கள். எத்தனை குடும்பங்கள், படுக்கையில் இருப்பவர் யார், கர்ப்பிணி யார், முதலில் மூழ்குவது எந்தப் பாலம், லாரி எந்தப் பக்கமாக வர முடியும், இரவில் கூப்பிட வேண்டிய இரண்டு பேரின் எண்கள், இவ்வளவும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். நிர்வாகத்தையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் நீங்களே அனுப்புங்கள், அப்புறம் நேரில் போய்ப் பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்குங்கள்.

கேட் சாவி யாரிடம் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். ஒரு தோட்டத்தில் மீட்பு லாரி வாசல்வரை வந்துவிட்டது, ஆனால் கேட்டில் பூட்டு. சாவி வைத்திருந்த காவலாளி வேறு லயத்தில் தன் பிள்ளைகளை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. நான் அங்கே நின்று பார்த்தவன். அந்த அரை மணி நேரம் இன்றும் என்னை உறங்கவிடாது.

சைரன் சத்தம் எங்களுக்குக் கேட்பதில்லை. ஆற்று மட்டத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' (வெள்ளத் தகவல்) இணையதளத்தில் ஆற்று மட்டங்கள் இருக்கின்றன. சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, ஆபத்து என்று நான்கு படிகள். ஆபத்துவரை காத்திருக்காதீர்கள். வயதானவர்களை எச்சரிக்கையிலேயே நகர்த்துங்கள். தோட்டத்து ஓடைகளுக்குப் பெரும்பாலும் அளவுகோல் இருக்காது. பாலத் தூணில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, மழை இரவில் முறை வைத்துப் பாருங்கள்.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நிவாரண மையத்துக்குப் போனால் என்ன ஆகும்?

அம்மாவின் பெயரைப் பதியும்போதே டயாலிசிஸ் பற்றிச் சமூகநலத் துறை ஊழியரிடம் சொல்லிவிடுங்கள், மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியமானது, சாலை துண்டிக்கப்பட்டால் வேறு எந்த மையத்தில் செய்யலாம் என்று இப்போதே உங்கள் டயாலிசிஸ் மையத்தில் கேட்டு வைப்பது. மைகார்டு (அடையாள அட்டை), மருந்துச் சீட்டு, ஒரு வார மாத்திரை ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கதவருகே தொங்கவிடுங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் அதையும் பதிவின்போதே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

திட்டமெல்லாம் வெள்ளத்துக்கு மட்டும்தானா?

இல்லை. புகைமூட்டமும் இதில் அடங்கும். 2013 ஜூனில் ஜொகூரின் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டு, மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. குறியீடு 300ஐத் தாண்டினாலே அது ஆபத்து நிலை. உங்கள் கடிதத்தில் ஆஸ்துமாக்காரர்களின் பெயர்களும் இருக்கட்டும்.

கோயில் கமிட்டி சார்பில் சமைத்துக் கொடுக்க ஆசை. யாரைப் பார்க்க வேண்டும்?

நல்ல மனசு. ஆனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு மையத்தைக் கூப்பிடுங்கள். சாலையோரத்து மண்டபத்தில் பொட்டலங்கள் மீந்து கெட்டுப்போக, உள்ளே இருக்கும் பள்ளி மண்டபத்தில் பிள்ளைகள் பிஸ்கட் தின்று தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். எந்த மையத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்த வேளைக்கு என்று கேட்டுச் சமையுங்கள். நீர் வடிந்ததும் வீடு கழுவப் போகும் உங்கள் இளைஞர்களுக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும், கால் புண் வழியாகவே எலிக்காய்ச்சல் ஏறிவிடும்.